ரோமா மக்களுக்குக் கொடுத்த பணம் எங்கே போய்ச் சேர்ந்தது?

ஸ்லோவாக்கியாவில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் அலுவலகத்தில் சேர்ந்திருக்கும் நன்கொடைப் பணத்தை ரோமா மக்களுக்குக் கொடுக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். முப்பது ஆண்டுகளாகக் கொட்டாத பணமா, அவர்கள் நிலைமையில் என்ன மாறிவிட்டது என்று உடன் வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள். அறக்கட்டளைகள் கொடுத்த பணத்தால் உண்மையில் ஏதாவது நடந்ததா? கொடுப்பதென்றால் எதற்குக் கொடுப்பது?"

நடந்திருக்கிறது. ஆனால் மாற்றம் நடந்த இடங்களும் பணம் அதிகமாகப் போன இடங்களும் பெரும்பாலும் வேறு வேறு. அதனால் உங்கள் சக ஊழியர்கள் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. ஒரு வரியில் பதில் சொன்னால் தவறாகப் போய்விடும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர். ரோமா என்றதும் ரோம் நகரையோ ருமேனியாவையோ நினைத்துவிட வேண்டாம். அவர்களுடைய ரோமானி மொழியில் 'ரோம்' என்றால் ஆண், கணவன். ஜிப்சி என்பது இவர்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று தவறாக எண்ணிய வெளியார் இட்ட பெயர். அவர்களில் பலருக்கு அது வசைச்சொல். நரிக்குறவர்களுக்கும் அதே சொல்லை ஒட்டவைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இரண்டு சமூகங்களின் வரலாற்றையும் அது ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது என்பதால் அந்தச் சொல்லை நான் தவிர்க்கிறேன். ரோமாக்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்கிலிருந்து கிளம்பியவர்கள். நீருக்கு 'பானி', மூக்குக்கு 'நக்', காதுக்கு 'கன்' என்று இன்றும் சொல்கிறார்கள். இந்தி தெரிந்தவர் எவரும் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார். ஐரோப்பாவில் ஒரு கோடி முதல் 1.2 கோடி பேர் வரை இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் சுமார் 60 லட்சம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வாழ்கிறார்கள்.

இந்த வறுமை எப்படி உண்டானது என்று தெரியாமல் கொடுக்கிறவர்கள், போர்வையும் பழைய துணியும் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இன்றைய ருமேனியாவின் பகுதிகளான வலாக்கியாவிலும் மால்டாவியாவிலும் ரோமாக்கள் சுமார் ஐந்நூறு ஆண்டுகள் அடிமைகளாக இருந்தார்கள். அரசனுக்கும் நிலப்பிரபுவுக்கும் மட்டுமல்லாமல் மடாலயங்களுக்கும் அவர்கள் சொத்தாக இருந்தார்கள். 1855, 1856 ஆண்டுகளில் அடிமைமுறை ஒழிந்தபோது உடைமையாளர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. விடுதலையானவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. அடுத்த நூற்றாண்டில் நாஜிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் ரோமாக்களை இனப்படுகொலை செய்தார்கள். 1944 ஆகஸ்ட் 2 இரவில் மட்டும் ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் முகாமில் மிச்சமிருந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ரோமா மக்களும், ஜெர்மானிய நாடுகளில் வாழ்ந்த அவர்களுடைய கிளையினரான சின்டி மக்களும் நச்சுவாயு அறைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். மேற்கு ஜெர்மனி இதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டது 1982இல்தான். அதற்கும் 1980இல் சின்டி செயற்பாட்டாளர் ரோமானி ரோசே உள்ளிட்டவர்கள் தாஹாவ் என்ற நாஜி முகாம் இருந்த இடத்தில் உண்ணாவிரதம் இருக்க வேண்டியிருந்தது. கம்யூனிச ஆட்சிகள் அவர்களுக்கு ஆலை வேலை கொடுத்தன. அடையாளத்தை அழித்துக்கொள்ளச் சொன்னன. 1989க்குப் பிறகு ஆலைகள் மூடியபோது முதலில் வெளியே அனுப்பப்பட்டவர்களும் அவர்கள்தான். ஊருக்கு வெளியே ஒரு குடியிருப்பு, அதற்கென்று ஒரு பள்ளி, அந்தப் பள்ளியில் படித்தவனுக்கு எங்கும் வேலை கிடையாது என்ற நிலை இப்படித்தான் இறுகியது.

1990களில் அறக்கொடைப் பணம் இந்த இடத்தில்தான் நுழைகிறது. அதற்கு முன்பும் ஆதரவு இல்லாமல் போகவில்லை. 1971 ஏப்ரல் 8 அன்று லண்டன் அருகே கூடிய முதல் உலக ரோமானி மாநாட்டின் செலவில் ஒரு பகுதியை உலகத் திருச்சபைகள் மன்றமும் இந்திய அரசும் ஏற்றன. நீலமும் பச்சையுமான ரோமா கொடியின் நடுவே இன்று பறக்கும் சிவப்புச் சக்கரம் அந்த மாநாட்டில் ஏற்கப்பட்டது; நம் கொடியின் சக்கரத்தை அது நினைவூட்டுவது தற்செயல் ஆகாது. ஆனால் தொடர்ச்சியாக, ஆண்டுக்கு ஆண்டு, பல நாடுகளில் பணம் கொடுத்த முதல் பெரிய கொடையாளர் ஜார்ஜ் சோரோஸ். 1930இல் புடாபெஸ்டில் யூதக் குடும்பத்தில் பிறந்து நாஜி ஆக்கிரமிப்பில் உயிர் தப்பியவர். 1984இல் ஹங்கேரியில் அறக்கட்டளையைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த ஓபன் சொசைட்டி அமைப்புகள் கிழக்கு ஐரோப்பாவில் ரோமா அமைப்புகளுக்கு நிதி கொடுக்கத் தொடங்கின. அந்தப் பணம் நன்றாக வேலை செய்த இரண்டு ஊர்களைப் பற்றிச் சொன்னால் உங்கள் முதல் கேள்விக்குப் பெரும்பகுதி பதில் கிடைத்துவிடும்.

முதல் ஊர் விதின். பல்கேரியாவின் வடமேற்கு மூலையில், டான்யூப் நதிக்கரையில் இருக்கிறது. நாட்டின் மிக ஏழ்மையான பகுதி. ஊருக்கு ஒதுக்குப்புறமாக ரோமாக்கள் வாழும் பேட்டையின் பெயர் நோவ் பத், புதிய பாதை என்று பொருள். அங்கிருந்த பள்ளியில் ஏறத்தாழ எல்லாரும் ரோமா பிள்ளைகள். பல ஆண்டுகள் படித்த பிறகும் சரியாக எழுதப் படிக்கத் தெரியாமல் வெளியே வந்தார்கள். அந்தப் பள்ளிக்கு வண்ணம் பூசலாம், கணினி வாங்கிக் கொடுக்கலாம், ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்கலாம். கொடையாளர்கள் வழக்கமாக அதைத்தான் செய்வார்கள். விதினில் இருந்த ட்ரோம் என்ற ரோமா அமைப்பு வேறொன்றைக் கேட்டது. அதைத் தலைமையேற்று நடத்தியவர் டொன்கா பனாயொத்தோவா. ட்ரோம் என்றால் ரோமானியில் பாதை. அவர்கள் கேட்டது பஸ். பிள்ளைகளைப் பேட்டையிலிருந்து ஏற்றிக்கொண்டு ஊருக்குள் மற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குப் போக பஸ். அதற்கான பணத்தை ஓபன் சொசைட்டியின் ரோமா பங்கேற்புத் திட்டம் கொடுத்தது. 2000 செப்டம்பரில் சுமார் 300 பிள்ளைகள் அந்த பஸ்களில் ஏறினார்கள்.

பஸ்ஸோடு முடிந்திருந்தால் முதல் மாதத்திலேயே பாதிப் பிள்ளைகள் திரும்பியிருப்பார்கள். பஸ்ஸிலும் பள்ளியிலும் ரோமா சமூகத்தைச் சேர்ந்த கண்காணிப்பாளர்கள் உடன் இருந்தார்கள். வகுப்பில் யாராவது பிள்ளையைச் சீண்டினால் ஆசிரியரிடம் பேச ஒருவர் இருந்தார். ஏழைக் குடும்பங்களுக்குப் புத்தகமும் காலணியும் கிடைத்தன. அதற்கும் முன்பே அமைப்பினர் வீடு வீடாகப் போய், "அங்கே என் பிள்ளையை அடிப்பார்களே" என்ற தாய்மாரின் பயத்தைக் கேட்டு, பதில் சொல்லி, நகரத்துப் பள்ளித் தலைமை ஆசிரியர்களிடமும் பேசி முடித்திருந்தார்கள். பல்கேரியாவின் வேறு நகரங்களும் இதைப் பின்பற்றின. ரோமா பிள்ளைகளால் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க முடியாது என்று அதிகாரிகள் அதுவரை சொல்லிவந்த வாதத்துக்கு விதின் பதிலாகிவிட்டது. பஸ்ஸின் வாடகை எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் சிறிய தொகைதான். என்ன கேட்பது என்று முடிவு செய்தது பேட்டை. கொடுத்தவர்கள் அதை மாற்றச் சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வருகிறேன்.

இரண்டாவது ஊர் செக் நாட்டின் ஒஸ்த்ராவா. நிலக்கரியும் உருக்கும் வளர்த்த தொழில் நகரம். அங்கே மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளிகளில் ரோமா பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அரசிடம் இனவாரிக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாவிட்டால் வழக்கும் இல்லை. 1996இல் புடாபெஸ்டில் சோரோஸ் பணத்தின் துணையோடு தொடங்கிய ஐரோப்பிய ரோமா உரிமைகள் மையம் அந்தக் கணக்கை எடுக்கப் புறப்பட்டது. 1999இல் நகரின் 8 சிறப்புப் பள்ளிகளுக்கும் 69 சாதாரணத் தொடக்கப் பள்ளிகளுக்கும் கேள்வித்தாள் அனுப்பித் தலைமை ஆசிரியர்களிடமிருந்தே எண்ணிக்கையை வாங்கினார்கள். ஒஸ்த்ராவாவின் 33,372 தொடக்கப் பள்ளி மாணவர்களில் ரோமாக்கள் 2.26 சதவீதம். சிறப்புப் பள்ளிகளில் இருந்த 1,360 பேரில் 762 பேர் ரோமாக்கள், 56 சதவீதம். ரோமா அல்லாத பிள்ளைகளில் 1.8 சதவீதம் பேர் சிறப்புப் பள்ளிக்குப் போனார்கள். ரோமா பிள்ளைகளில் 50.3 சதவீதம். ஒரு ரோமா பிள்ளை அங்கே தள்ளப்படும் வாய்ப்பு மற்றப் பிள்ளையைவிட 27 மடங்கு அதிகமாக இருந்தது.

18 பிள்ளைகளின் பெயரில் வழக்குத் தொடுத்தார்கள். 1999இல் செக் அரசியல் சாசன நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2000இல் ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006இல் அங்கேயும் தோற்றார்கள். மேல்முறையீடு செய்தார்கள். 2007 நவம்பர் 13 அன்று 17 நீதிபதிகள் கொண்ட பெரிய அமர்வு 13க்கு 4 என்ற கணக்கில் பிள்ளைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. பெற்றோர் கையெழுத்துப் போட்டுத்தானே அனுப்பினார்கள் என்று அரசு வாதாடியது. என்ன நடக்கிறது என்று முழுதாகத் தெரிவிக்காமல் வாங்கிய சம்மதத்தால் பாகுபாட்டுக்கு ஆளாகாதிருக்கும் உரிமை போய்விடாது என்றது நீதிமன்றம். ஒவ்வொரு பிள்ளைக்கும் 4,000 யூரோ இழப்பீடு. தனிப்பட்ட ஒருவர் வேண்டுமென்றே செய்தார் என்று காட்டாமல், ஒரு சமூகத்தின் மேல் விழும் விளைவைப் புள்ளிவிவரங்களால் காட்டியே பாகுபாட்டை நிறுவலாம் என்பது அந்தத் தீர்ப்போடு ஐரோப்பியச் சட்டத்தில் உறுதிப்பட்டது. கிரேக்கம், குரோஷியா, ஹங்கேரி ஆகிய நாடுகளுக்கு எதிராக ரோமா பிள்ளைகள் பின்னால் பெற்ற பள்ளித் தீர்ப்புகளுக்கு அந்த வழக்கு துணை நின்றது.

எட்டு ஆண்டுகள், நடுவில் இரண்டு தோல்விகள். எந்த அரசு இதற்குப் பணம் கொடுக்கும்? எதிராளியே அரசாக இருக்கும்போது அரசு நிதியில் வழக்கு நடத்த முடியாது. ஆண்டறிக்கையில் "பயனடைந்தோர் 18" என்று எழுதிக்கொண்டு எட்டு ஆண்டு காத்திருக்கத் தனியார் அறக்கட்டளையால்தான் முடியும், அதுவும் மனம் இருந்தால். தனியார் கொடைக்கு ஒரு தனி நியாயம் இருக்கிறதென்றால் அது இங்கேதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அரசிடம் இருப்பதைவிட அதிகப் பணம் எந்த அறக்கட்டளையிடமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் 2020 வரை ரோமாக்கள் போன்ற ஒதுக்கப்பட்ட சமூகங்களின் சமூகப் பொருளாதார இணைப்புக்கென்று ஒதுக்கியது சுமார் 150 கோடி யூரோ. அந்த அளவோடு போட்டி போட்டுச் சோறும் கூரையும் கொடுக்க முயன்றால் எந்தக் கொடையாளரும் கரைந்துபோவார். அரசு செய்ய மறுப்பதைச் செய்வதும், அரசைச் செய்ய வைப்பதும்தான் கொடைப் பணத்துக்கு மட்டும் சாத்தியமான வேலை.

ஒஸ்த்ராவாவிலிருந்து இன்னொன்று. செக்கோஸ்லோவாக்கியாவிலும் பின்னர் செக் நாட்டிலும் ரோமாப் பெண்களுக்கு அவர்களுடைய உண்மையான சம்மதம் இல்லாமல் கருத்தடை செய்யப்பட்டது. எலேனா கோரோலோவா அப்படிப் பாதிக்கப்பட்டவர். அவரும் மற்றப் பெண்களும் பல ஆண்டுகள் பேசி, வீதியில் நின்று, சர்வதேச அமைப்புகளின் முன் சாட்சி சொல்லி, 2021இல் ஆளுக்கு 3 லட்சம் கொருனா (செக் நாணயம்) இழப்பீடு தரும் சட்டத்தைப் பெற்றார்கள். அந்தப் பெண்களைக் கூட்டிவைக்கவும், அவர்களின் பயணச் செலவுக்கும் வழக்கறிஞருக்கும் வேண்டிய சிறு தொகைகளை யாரோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொகைகள் எந்தச் சாதனைப் பட்டியலிலும் தனியாகத் தெரிவதில்லை.

படிப்புக்கு வருகிறேன். 2005இல் உலக வங்கியும் சோரோஸின் அமைப்பும் சேர்ந்து ரோமா கல்வி நிதியத்தை நிறுவின. பதிவு சுவிட்சர்லாந்தில், அலுவலகம் புடாபெஸ்டில். முன்பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை அது பணம் கொடுத்தது. பல்கலைக்கழக உதவித்தொகை மட்டுமே பல ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் போனது. இன்று ருமேனியாவிலும் ஹங்கேரியிலும் செர்பியாவிலும் காணப்படும் ரோமா வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், ஆய்வாளர்கள், பிரஸ்ஸல்ஸில் கொள்கை பேசுகிறவர்கள் என்று எடுத்துக்கொண்டால், அவர்களில் கணிசமானவர்கள் இத்தகைய உதவித்தொகைகளைத் தொட்டு வந்தவர்கள். சோரோஸ் நிறுவிய மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ரோமா பட்டதாரிகளுக்காக ஓராண்டு ஆயத்தப் படிப்பையும் நடத்தியது. ஆங்கிலமும் துறைப்பாடமும் கற்பித்து மேற்படிப்புக்கு அனுப்பும் படிப்பு. ஒரு தலைமுறைக்கு முன் ரோமாக்களைப் பற்றிய கருத்தரங்கில் மேடையில் ஒரு ரோமாவும் இருக்கமாட்டார். இன்று அப்படி நடத்தினால் கேள்வி எழும். அந்தக் கேள்வியை எழுப்ப ஆட்கள் உருவானதும் இந்தப் பணத்தால்தான்.

உங்கள் சக ஊழியர்களுக்குக் காட்ட ஏற்ற சான்று என்றால் நான் பல்கேரியாவின் பாலர் பள்ளிச் சோதனையைச் சொல்வேன். 2012இல் அமைந்த டிரஸ்ட் ஃபார் சோஷியல் அச்சீவ்மென்ட் என்ற அறக்கட்டளை, உலக வங்கியின் ஆய்வாளர்களோடு சேர்ந்து, 2014இல் 236 ஏழைக் குடியிருப்புகளில் ஒரு சோதனை நடத்தியது. ரோமாப் பெற்றோர் ஏன் பிள்ளைகளைப் பாலர் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்பது கேள்வி. கல்வியின் அருமை தெரியாதவர்கள் என்பது ஊரார் சொல்லும் பதில். அதனால் சில குடியிருப்புகளில் கட்டணத்தை நீக்கினார்கள். சில இடங்களில் பிள்ளை ஒழுங்காக வந்தால் உணவுக்கூப்பனும் கொடுத்தார்கள். சில இடங்களில் பெற்றோரைக் கூட்டி ஆரம்பக் கல்வியின் பயனை விளக்கினார்கள். எந்த ஊருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். கட்டணத்தை நீக்கியதும் பிள்ளைகள் வந்தார்கள். பாலர் பள்ளிக்கே வராதவர்களின் பங்கு பாதியாகக் குறைந்தது. கூப்பனாலும் விளக்கக் கூட்டத்தாலும் அதற்கு மேல் பெரிதாக எதுவும் கூடவில்லை. பெற்றோருக்குக் கல்வியின் அருமை முன்பே தெரிந்திருந்தது. கையில் காசுதான் இல்லை. 2022 ஏப்ரல் முதல் பல்கேரிய அரசு நாடு முழுவதும் பாலர் பள்ளிக் கட்டணத்தை நீக்கியது. அந்த முடிவுக்குப் பல காரணங்கள் இருந்தன. ஒரே ஒரு சோதனையின் பெயரில் எழுத முடியாது. ஆனால் விவாதம் நடந்தபோது மேசையில் சான்று இருந்தது, அதற்குச் செலவு செய்தது ஒரு அறக்கட்டளை.

சுகாதாரத்தில் இதே வழியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ருமேனியாவில் நிக்கோலாய் கியோர்கே முதலியோர் 1993இல் தொடங்கிய ரோமானி கிரிஸ் என்ற அமைப்பு, ரோமாப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, குடியிருப்புக்கும் மருத்துவருக்கும் நடுவே போய்வரும் இணைப்பாளர்களாக அமர்த்தியது. தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருத்துவரிடம் பேசத் தயங்கும் கர்ப்பிணி என்று அவர்கள் கவனித்தது எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். 2002இல் சுகாதார அமைச்சகமே அதை ஒரு பணியாக ஏற்றுக்கொண்டது.

இவ்வளவு நடந்தும் ஏன் "என்ன மாறியது" என்ற கேள்வி எழுகிறது? கணக்கைப் பார்த்தால் கேட்கிறவரைக் குறை சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2021இல் பத்து நாடுகளில் எடுத்த ஆய்வில், ரோமாக்களில் 80 சதவீதம் பேர் வறுமையின் விளிம்பில் இருந்தார்கள். ஒன்றியத்தின் பொதுச் சராசரி 17 சதவீதம். அதைவிட எனக்கு மனம் கனத்தது பள்ளியைப் பற்றிய எண்தான். எல்லாரும் அல்லது பெரும்பாலோர் ரோமாக்களாகவே இருக்கும் பள்ளிகளில் படிக்கும் ரோமா பிள்ளைகளின் பங்கு 2016இல் 44 சதவீதம், 2021இல் 52 சதவீதம். விதினுக்கும் ஒஸ்த்ராவா தீர்ப்புக்கும் பிறகு அது கூடியிருக்கிறது. ரோமா பிள்ளைகள் வந்ததும் மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள், நகராட்சி கண்டுகொள்வதில்லை. ஒஸ்த்ராவா வழக்கின் தீர்ப்பு முழுதாக நடைமுறைக்கு வந்ததா என்று ஐரோப்பிய மன்றத்தின் (ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் சார்ந்த அமைப்பு, ஐரோப்பிய ஒன்றியம் வேறு) அமைச்சர்கள் குழு பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் கண்காணித்துக்கொண்டிருந்தது.

கொடையாளர்களின் தவறும் இதில் உண்டு. 2005 பிப்ரவரியில் சோபியாவில் எட்டு நாட்டு அரசுகள் கையெழுத்திட்டு ரோமா இணைப்புப் பத்தாண்டைத் தொடங்கின. 2003இல் புடாபெஸ்டில் நடந்த மாநாட்டில் உலக வங்கியும் சோரோஸின் அமைப்பும் சேர்ந்து விதைத்த எண்ணம் அது. கல்வி, வேலை, சுகாதாரம், வீடு என்று நான்கு துறைகள், ஒவ்வொரு நாட்டுக்கும் செயல்திட்டம். அல்பேனியா, போஸ்னியா, ஸ்பெயின் பின்னர் சேர்ந்தன. 2015இல் பத்தாண்டு முடிந்தபோது செயல்திட்டங்கள் ஏராளமாக இருந்தன. குடியிருப்புகளில் சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் பல இடங்களில் வரவில்லை. கையெழுத்திட்ட அரசுகள் செய்யாவிட்டால் என்ன தண்டனை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அந்தப் பத்தாண்டு முற்றிலும் வீண் என்று சொல்லமாட்டேன். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் உறுப்பு நாடுகளை ரோமா செயல்திட்டம் எழுதவைத்ததும், 2020இல் அடுத்த பத்தாண்டுக்கான திட்டச் சட்டகத்தை வெளியிட்டதும் அந்த முன்னுதாரணத்திலிருந்து வளர்ந்தவை. ஆனாலும் பணத்தின் பெரும்பகுதி கூட்டங்களிலும் அறிக்கைகளிலும் ஆலோசகர்களிடமும் கரைந்தது என்று ரோமா செயற்பாட்டாளர்கள் கோபமாகச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு தவறு கால அளவு. ஓராண்டுத் திட்டம், நீட்டித்தால் இரண்டாண்டு. முதல் ஆறு மாதம் ஆட்களைச் சேர்ப்பதில் போகும். கடைசி ஆறு மாதம் அடுத்த விண்ணப்பம் எழுதுவதில் போகும். பேட்டைக்குள் வந்து, பிள்ளைகளோடு பழகி, மாலைநேர வகுப்பு நடத்தி, ஒருநாள் காணாமல் போகும் அமைப்பை அந்தத் தாய்மார் எத்தனை முறை பார்த்திருப்பார்கள்? நான்காவது முறை யாராவது கதவைத் தட்டும்போது அவர்கள் திறக்கவில்லையென்றால், "ஒத்துழைப்பு இல்லை" என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். இந்த வாக்கியத்தை எந்த அறிக்கையில் படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரே கொடையாளரை நம்பியிருப்பதன் ஆபத்தும் வெளிப்பட்டது. 2017இல் ஹங்கேரி அரசு சோரோஸின் படத்தை நாடெங்கும் சுவரொட்டியாக ஒட்டிப் பகைப் பிரசாரம் நடத்தியது. 2018இல் ஓபன் சொசைட்டி தன் புடாபெஸ்ட் அலுவலகத்தைப் பெர்லினுக்கு மாற்ற வேண்டிவந்தது. மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகமும் பட்டப்படிப்புகளை வியன்னாவுக்குக் கொண்டுபோனது. சோரோஸிடம் பணம் வாங்கிய ரோமா அமைப்புகளும் அந்நிய ஏவலாள்கள் என்று ஏசப்பட்டன. ஆனாலும் அதே ஹங்கேரியில், ஜியோங்யோஷ்பாட்டா என்ற கிராமத்தில் தனி வகுப்புகளில் ஒதுக்கிவைக்கப்பட்ட சுமார் 60 ரோமா பிள்ளைகளுக்காக ஒரு சிறு அறக்கட்டளை தொடர்ந்து வழக்காடியது. 2020 மே மாதம் நாட்டின் உச்ச நீதிமன்றம் சுமார் 99 மில்லியன் ஃபோரிண்ட் (ஹங்கேரி நாணயம்) இழப்பீட்டை உறுதிசெய்தது. உழைக்காதவர்களுக்கு எதற்குப் பணம் என்ற தொனியில் பிரதமரே அதற்கு எதிராகப் பேசியிருந்தார்.

எல்லாவற்றையும்விட ஆழமான தவறு, யார் முடிவு செய்வது என்பதில் இருந்தது. விதினில் என்ன தேவை என்று ட்ரோம் சொன்னது என்று மேலே எழுதினேன். அது விதிவிலக்கு. பெரும்பாலான திட்டங்களில் எதற்குப் பணம் என்பது வெளியே முடிவாகிவிடும். ரோமாக்கள் பயனாளிகள், அல்லது அமைப்பின் கடைசிப் படியில் களப்பணியாளர்கள். மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. ஐரோப்பிய மன்றமும் ஓபன் சொசைட்டியும் ரோமா அறிஞர்கள், கலைஞர்களின் கூட்டணியும் சேர்ந்து 2017இல் பெர்லினில் ஐரோப்பிய ரோமா கலை பண்பாட்டு நிறுவனத்தைத் தொடங்கின. அதை நடத்துகிறவர்கள் ரோமாக்கள். 2024இல் ரோமாக்களின் தலைமையிலேயே ஐரோப்பாவுக்கான ரோமா அறக்கட்டளை என்ற புதிய அமைப்பு வேலையைத் தொடங்கியது. அதற்கு ஓபன் சொசைட்டி 10 கோடி யூரோ தருவதாக உறுதியளித்திருக்கிறது. பணத்தை எங்கே செலவிடுவது என்று இனி அவர்களே முடிவு செய்வார்கள். தவறும் செய்வார்கள். வெளியார் முப்பது ஆண்டு செய்த தவறுகளைவிட அவை அதிகமாக இருக்கும் என்று நினைக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

இனி உங்கள் அலுவலகப் பணம். நீங்கள் இருப்பது ஸ்லோவாக்கியா என்பதால் அங்கேயே தேடுங்கள். கிழக்கே கோஷிட்சே பக்கத்துக் கிராமங்களில், ரான்கோவ்ட்சே போன்ற இடங்களில், ரோமாக் குடும்பங்கள் முதலில் மாதாமாதம் சிறிது சேமித்து, பிறகு சிறுகடன் வாங்கி, தங்கள் கையாலேயே செங்கல் வைத்துச் சட்டப்படியான வீடு கட்டிக்கொள்ளும் திட்டங்கள் நடந்திருக்கின்றன. இப்படிப்பட்ட திட்டங்களை நேரில் போய்ப் பாருங்கள். போகும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இந்த அமைப்பில் காசோலையில் கையெழுத்திடுகிறவர்களில் ரோமாக்கள் எத்தனை பேர்? இதே குடியிருப்பில் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறீர்கள்? பதில்கள் திருப்தியாக இருந்தால் அதிகம் நிபந்தனை போடாதீர்கள். உங்கள் நிறுவனத்தின் பெயர் பொறித்த புத்தகப் பைகளை வழங்கிப் படமெடுக்கும் விழா வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய நிதிக்கு விண்ணப்பிக்கும் சிறு ரோமா அமைப்புகள் முதலில் தங்கள் பணத்தைப் போட்டுவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கையிருப்பு இல்லாததால் அந்த நிதி பெரிய நிறுவனங்களுக்கே போகிறது. உங்கள் தொகை சிறியதாக இருந்தாலும், அந்த இடைவெளியை நிரப்ப ஓர் அமைப்புக்குக் கொடுத்தால், அதைப்போல் பல மடங்கு பொதுப் பணம் குடியிருப்புக்குள் வர வழி செய்யும். வாடகை, மின்கட்டணம், கணக்கர் சம்பளம் ஆகியவற்றுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுங்கள். அதற்கு யாரும் கொடுப்பதில்லை. குறைந்தது ஐந்தாண்டுக்காவது சொல்லுங்கள்.

அத்துடன், பணம் கேட்காத ஒன்றும் உங்கள் கையில் இருக்கிறது. அதே 2021 ஆய்வில் 20 முதல் 64 வயதுக்குட்பட்ட ரோமாக்களில் ஊதியம் பெறும் வேலையில் இருந்தவர்கள் 43 சதவீதம் மட்டுமே. உங்கள் நிறுவனத்தில் எத்தனை ரோமாக்கள் வேலை செய்கிறார்கள், துப்புரவுப் பணிக்கு வெளியே எத்தனை பேர் என்று நன்கொடை பற்றி அடுத்த முறை பேசக் கூடும்போது கேட்டுப் பாருங்கள்.